வெயிலுக்குக் காத்திருந்த வருஷம்

சித்திரை பிறந்தால் போதும், நம் வயசுக்காரர்கள் நீங்கள் எல்லோரும் போனை எடுத்து வைத்துக்கொண்டு வெயிலைத் திட்டத் தொடங்கிவிடுகிறீர்கள். அந்தக் காலத்தில் இப்படியா அடித்தது, மரம் இருந்தது, காற்று இருந்தது என்று ஒரே பாட்டு. நான் ம் கொட்டிக்கொண்டிருப்பேன். வெயிலைத் திட்ட எனக்கு நாக்கு எழாது. எழுபதுகளின் கடைசியில் ஒரு வருஷம், மதுரை வெயில் இன்னும் கொஞ்சம் அடிக்காதா, இன்னும் கொஞ்சம் காயாதா என்று எங்கள் வீட்டில் ஒருத்தி தினமும் வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். என் அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. உங்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக இருக்கிறது. கேட்டுவிட்டு அப்புறம் ஏசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு செல்லூரில், தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்தில் இருந்தது. அப்பாவுக்குக் கண்மாய்ப் பக்கம் இருந்த ஐஸ் பாக்டரியில் வேலை. உள்ளே நுழைந்தாலே அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். பெரிய உப்புத் தண்ணீர்த் தொட்டி ஒன்று, அதற்குள் தகரக் கேன்கள். கேன்களில் நல்ல தண்ணீரை நிரப்பி இறக்கிவிட்டால் மறுநாள் பாளம் பாளமாக ஐஸ் பார். மரத்தூளைத் தூவி, ஈரச் சாக்கைப் போர்த்தி, மீன் மார்க்கெட்டுக்கும் சர்பத் கடைகளுக்கும் வண்டியில் போகும். அந்த மரத்தூள் ஒட்டிய ஐஸ் சில்லை எடுத்துச் சட்டையில் துடைத்து வாயில் போட்டுக்கொள்வோமே, ஞாபகம் இருக்கிறதா? எத்தனை தரம் வயிறு போயிருக்கும், இருந்தும் விட்டோமா?

இழவு வீடுகளுக்கும் ஐஸ் போகும். மகன் பம்பாயிலிருந்து வர வேண்டும், மகள் சிலோனிலிருந்து வர வேண்டும் என்றால், சந்தில் யாரானாலும் அப்பாவைத்தான் தேடி வருவார்கள். அவரே போய்ப் பிணத்தைச் சுற்றி ஐஸ் பாரை அடுக்கி, உமியைக் கொட்டி, எத்தனை மணி நேரம் தாங்கும் என்று சொல்லிவிட்டு வருவார். வந்தவர்கள் முகம் பார்த்து அழுத பிறகுதான் அப்பாவுக்கு அந்த வேலை முடிந்த மாதிரி. முகம் பார்க்காமல் அனுப்பி வைப்பது பெரிய பாவம் என்பது அவர் கணக்கு. அதனால் ஐஸ் பற்றி எது என்றாலும் எங்கள் சந்தில் அப்பா வைத்ததுதான் சட்டம்.

அத்தைக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மாமா கொட்டாம்பட்டிப் பக்கம் கடலை விதைக்கும் குடும்பத்துக்காரர். அண்ணன் காட்டைப் பார்த்துக்கொள்ள, தம்பியான இவர் பட்டாளத்துக்குப் போய்விட்டார். அந்த ஆவணியில் லீவுக்கு வந்தவர் எங்கள் வீட்டிலும் பத்து நாள் தங்கினார். காஷ்மீரத்தையும் தாண்டி, ஒரு மலை மேல் தன் கூடாரம் இருப்பதாகச் சொன்னார். தறிவீட்டில் பஞ்சு பறக்கிற மாதிரி பனி விழும், காற்றும் சேர்ந்துகொண்டால் நீட்டிய கை தெரியாது, கூடாரத்துக்குக் கூடாரம் கயிறு கட்டி அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒன்றுக்குப் போக வேண்டும் என்றார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா விடவில்லை.

"கரண்டு இல்ல, மெஷினு இல்ல, அம்மோனியா இல்ல. அப்புறம் எப்பிடி மாப்ள ஐஸு கட்டும்?"

மாமா அத்தையைப் பார்த்துக் கண்ணடித்தார். "உங்க மொதலாளிக்குத் தெரிஞ்சா வந்து யாவாரம் பண்ணிருவாரு, அதான் வெளிய சொல்லுறதில்ல மச்சான்" என்றார்.

எங்களுக்குத் தெரிந்த பனி மார்கழிப் பனிதான். அது காது வழியாக ஏறும், சளி பிடிக்கும், அவ்வளவுதான். அதனால் அம்மா அவருக்குக் கட்டிக் கொடுத்தது என்ன தெரியுமா? ஒரு பாட்டில் நல்லெண்ணெய், இடித்த சுக்கு, டவுனில் தேடி வாங்கிய அரக்கு நிறக் குரங்குக் குல்லா. காதை மட்டும் மூடிக்கிடுங்க தம்பி, ஒண்ணும் செய்யாது என்று சொல்லி அனுப்பினாள். கார்த்திகையில் அவரிடமிருந்து ஒரு இன்லண்ட் லெட்டர் வந்தது. குல்லாவைக் கூடாரத்தில் எல்லோரும் முறை வைத்துப் போட்டுக்கொள்கிறார்களாம். அதற்குள் அத்தைக்கு மூன்று மாதம். மாமா வீட்டில் பெண் துணை இல்லாததால் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

மாசி மாதத்தில் தந்தி வந்தது. தந்தி என்றாலே என்ன என்று உங்களுக்குத் தெரியும். அம்மா பிரிக்காமலே நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அப்பா அவளை ஓர் அதட்டு அதட்டிவிட்டு, மூன்றாம் வீட்டுச் சௌராஷ்டிர வாத்தியாரைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னார். பனிப்புயலில் ஆளைக் காணவில்லை, தேடுகிறார்கள் என்றிருந்தது. செத்துப்போனார் என்று எங்கேயும் இல்லை. வாத்தியார் இரண்டு தரம் படித்துப் பார்த்துவிட்டு, காணோம்னுதான் போட்டிருக்கான் என்று அழுத்திச் சொன்னார். பத்து நாள் கழித்துக் கடிதமும் வந்தது. மூன்று நாள் ஓயாமல் புயல் அடித்ததாம். மலைச் சரிவிலிருந்து பனி இறங்கிக் கூடாரங்களை மூடிவிட்டதாம். மேலே போக வழியில்லாததால் தேடுவதை நிறுத்தியிருக்கிறார்கள். பனி உருகியதும் திரும்பத் தேடுவார்களாம்.

அந்தக் கடிதத்தை வாத்தியார் படித்து முடித்து, மடித்து அப்பாவிடம் கொடுத்தார். அத்தை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வயிறு அப்போதுதான் மேடிட்டிருந்தது. அவள் வாத்தியாரைக் கேட்கவில்லை, அம்மாவைக் கேட்கவில்லை. ஐஸைத் தெரிந்தவரைத்தான் கேட்டாள்.

"அண்ணே, ஐஸுக்குள்ள இருந்தா என்ன ஆகும்?"

அப்பா தலையைத் தூக்காமலே, "ஐஸுக்குள்ள இருக்கிறது கெட்டுப்போகாது ஆத்தா" என்றார்.

"அப்ப உசுரோட இருப்பாகளா?"

அப்பா அவள் வயிற்றைப் பார்த்தார். நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இருக்கலாம்" என்றார்.

அந்த ஒரு சொல்தான். பொய் சொல்லக்கூடாது என்று எனக்கு எத்தனை அடி போட்ட மனிதர்! இன்றைக்கு எனக்கு, அவருக்கு அன்றிருந்த வயதைவிட இருபது வயது கூட ஆகிவிட்டது. அவர் இடத்தில் நான் இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்க்கிறேன். பிள்ளைத்தாச்சி கீழே விழுந்துவிடக் கூடாது என்று நானும் அதைத்தான் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் அன்றைக்குச் சொன்னதை அடுத்த நாள் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டாமா? அவரால் முடியவில்லை. ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளினார்.

அத்தை உள்ளே போய் முகம் கழுவி, பொட்டு வைத்துக்கொண்டாள். சாயங்காலம் பூக்காரியிடம் மல்லிகை வாங்கினாள். சந்தில் எல்லோரும் வாயைப் பிளந்தார்கள்.

பங்குனியில் மாமாவின் அண்ணன் கொட்டாம்பட்டியிலிருந்து வந்தார். நல்ல உயரம், மீசை, தோளில் துண்டு. வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, வாங்கிவந்த கடலைப் பையை அம்மாவிடம் கொடுத்தார். அத்தை உள்ளே போனதும் மெதுவாக ஆரம்பித்தார்.

"தம்பி போயிட்டான் மச்சான். ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வைக்கல்ல உருவம் பண்ணி எரிச்சு, காரியத்த முடிச்சிருவோம். இல்லாட்டி அவன் அங்கன தண்ணி தவிச்சு அலைவான்."

காரியம் என்றால் தாலியை இறக்குவதும் அதில் சேர்ந்ததுதான். அப்பாவுக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை. மொகம் பாக்காம எதையும் முடிக்க விடமாட்டேன் என்றார். வைக்கோலை எரிக்கிறதுக்கா என் தங்கச்சியைக் கொடுத்தேன் என்றார். வருகிற வெள்ளிக்கிழமை ஏழாம் மாத வளைகாப்பு, வருவதென்றால் வாருங்கள் என்றும் சொல்லிவிட்டார். அந்த மனிதர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். அவரை நான் அன்றைக்கு அரக்கன் என்றே நினைத்தேன். பின்னாலேயே போய் அவர் செருப்பில் துப்பலாமா என்றுகூட யோசித்தேன். அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்களில் மாமாவை இறந்தவராக நினைத்து அழுதவர் அவர் ஒருவர்தான் என்று இப்போது தெரிகிறது. தம்பிக்கு ஒரு வாய் தண்ணீர் விடத்தான் அவர் கேட்டார்.

வளைகாப்பு நடந்தது. நடந்தது என்று சொல்லலாமா தெரியவில்லை. மனை போட்டு, சந்தனக் கிண்ணமும் குங்குமமும் ஐந்து வகைச் சோறும் கண்ணாடி வளையல் சரங்களும் வைத்து, அத்தையைப் பட்டுச் சேலையில் உட்கார வைத்தார்கள். கொட்டாம்பட்டியிலிருந்து யாரும் வரவில்லை. அது தெரிந்த விஷயம்தான். சந்துப் பெண்கள்கூட வரவில்லை. ஒருத்திக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருத்திக்குத் தறியில் பாவு ஏற்ற வேண்டும், ஒருத்தி தீட்டு, இன்னும் தலைக்கு ஊற்றவில்லை. சுமங்கலி என்று சொல்ல முடியாதவளுக்கு, இல்லை என்றும் சொல்ல முடியாதவளுக்கு, யார் துணிந்து வளையல் போடுவார்கள்? போட்டால் அது தன் தாலிக்கே ஆகாது என்று ஒவ்வொருத்திக்கும் பயம். நானாக இருந்தாலும் பயந்திருப்பேன், இல்லை என்று சொல்லமாட்டேன்.

வாத்தியார் மனைவி மட்டும் வந்து, சந்தனத்தைத் தொட்டுக் கன்னத்தில் தடவிவிட்டு, வளையலைத் தொடாமல் போய்விட்டாள். அத்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கை வலித்ததும் மடியில் வைத்துக்கொண்டாள், மறுபடி நீட்டினாள். கடைசியில் அம்மா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முதல் வளையலைப் போட்டாள். மிச்சத்தையெல்லாம் நான்தான் போட்டேன். ஏழாம் மாதத்துக்கு ஒற்றைப்படையில் எத்தனை போட வேண்டும் என்று எனக்கு எங்கே தெரியும்? கிடைத்ததையெல்லாம் ஏற்றினேன். அஞ்சு வகைச் சோறும் அப்படியே இருந்தது. அப்பா ஐஸ் பாக்டரிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. அப்பா சொன்னது சரியா என்று பார்த்துவிட வேண்டும். கண்மாயில் பையன்கள் பிடித்துக்கொண்டிருந்த ஜிலேபி மீனில் விரல் நீளத்துக்கு ஒன்றை, உயிரோடு, டம்ளர் தண்ணீரில் வாங்கினேன். மீன்தானே, கேன் தண்ணீரில் மூழ்கிச் சாகாது. ஐஸ் கட்டினாலும் உருகியதும் நீந்த வேண்டியதுதானே? சாப்பாடு கொண்டுபோகிற சாக்கில் போய், அப்பா பார்க்காத நேரத்தில் ஓரத்துக் கேனில் விட்டேன். கேன் தூக்குகிற அண்ணன் பார்த்துவிட்டார். கண்டுகொள்ளாத மாதிரி இருந்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் அந்தப் பாரைத் தனியாக எடுத்துப் பின்பக்கம் வெயிலில் போட்டுக் கொடுத்தார். ஐஸின் நடுவில், வெள்ளைப் படலத்துக்குள் மீன் இருந்தது. வால் ஒரு பக்கம் திரும்பியிருந்தது, அப்போதுதான் திரும்பின மாதிரி. செதில் மின்னியது. கண்கூடக் கலங்கவில்லை. நான் அதன் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துகொண்டேன். ஐஸ் உருகிக் காலடியெல்லாம் சேறாகிவிட்டது. மீன் வெளியே வந்ததும் டம்ளர் தண்ணீரில் போட்டேன். மெதுவாக மல்லாந்தது. விரலால் திருப்பிவிட்டேன். மறுபடி மல்லாந்தது. எத்தனை தடவை திருப்பினேனோ தெரியாது.

நிமிர்ந்தால் அப்பா நிற்கிறார். அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மீனு வேற..." என்று ஆரம்பித்தார். டம்ளரை வாங்கித் தண்ணீரோடு மீனைக் கண்மாய்ப் பக்கம் வீசினார். அப்புறம் என் தலையில் கையை வைத்து, "அத்தைகிட்ட சொல்லிக்கிட்டிருக்காத" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். பத்து வயதுப் பிள்ளைக்கு அந்தச் சுமை கொஞ்சமா? அத்தை சோறு ஊட்ட வந்தால்கூடப் பசிக்கவில்லை என்று எழுந்து போய்விடுவேன்.

சித்திரை வந்தது. அத்தைக்கு ஒரே வேலை வெயிலைப் பார்ப்பதுதான். உச்சிவேளையில் தெருக்குழாய்க் கைப்பிடியைத் தொட்டுப் பார்ப்பாள். சுட்டதும் கையை உதறிக்கொண்டு என்னிடம் ஓடிவருவாள், அந்த வயிற்றைத் தூக்கிக்கொண்டு.

"இன்னைக்கு நல்லா காயுதுல்லடி? அம்புட்டுச் சூடு!"

"ஆமா அத்தை" என்பேன்.

மதுரையில் இப்படிக் காய்ந்தால் அங்கேயும் கொஞ்சமாவது காயாதா என்பது அவள் கணக்கு. ஒரே சூரியன்தானே. அங்கே வேறு மாதிரி என்று பூகோளப் புத்தகத்தில் இருப்பதைச் சொல்ல நான் ஒருநாள் வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். குழாயடியில் பெண்கள் வெயிலைச் சபித்தால் அவளுக்குப் பிடிக்காது, குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். அக்கினி நட்சத்திரத்தில் ஒருநாள் திடீரென்று கோடை மழை கொட்டியது. சந்தே வெளியே வந்து ஆடியது, நானும் நனைந்துகொண்டு கத்தினேன். உள்ளே வந்தால் அத்தை அரிசிப் பானைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து வாயில் சேலையை வைத்துக்கொண்டு அழுகிறாள். தந்தி வந்தபோதுகூட அழாதவள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது. ஈரப் பாவாடையோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஆனி பிறந்ததும் பெண் குழந்தை பிறந்தது. பெயர் வைக்க வேண்டாம், அவுக வரட்டும் என்று சொல்லிவிட்டாள். பாப்பா, பாப்பா என்றே கூப்பிட்டோம்.

ஆடியில் ஒருநாள் காலை, மாமாவின் பட்டாளத்துக் கூட்டாளி வந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர், மாமாவைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர். தோளில் மாமாவின் பச்சை டிரங்குப் பெட்டி. இரண்டு விரலில் கட்டு, ஒரு விரலில் நுனியே இல்லை. அத்தை பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், அவருக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

அப்பா அவருக்குச் செம்பில் தண்ணீர் கொடுத்தார். அவர் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு சொன்னார். அந்தப் புயலில் அவர்கள் கூடாரம் மட்டும் இல்லையாம். அடிவாரத்தில் ஆடு மேய்க்கிற சனங்கள், பெண்டு பிள்ளைகளோடு, வீட்டோடு போய்விட்டார்களாம். அவர்களுக்கெல்லாம் தந்தி கொடுக்கக்கூட ஆள் இல்லை என்றார். ஆனிக் கடைசியில்தான் மேலே ஏற முடிந்தது. தோண்டத் தோண்ட, கூடாரத்தில் இருந்த எட்டுப் பேரும் கிடைத்தார்கள். மாமா தூங்குகிறவர் மாதிரி ஒருக்களித்துப் படுத்திருந்தார். கீழே கொண்டுவர வழியில்லை. மறுபடி வானம் மூடிக்கொண்டது. அங்கேயே எரித்துவிட்டார்கள்.

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அத்தை அசையவில்லை.

"மொகம் எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"அப்பிடியே இருந்துச்சு மதினி. ஒண்ணும் ஆகல. போன அன்னைக்கு எப்பிடி இருந்தாரோ அப்பிடியே."

அத்தை அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணன் சொன்னது பலித்துவிட்டது என்று ஒரு வெளிச்சம், ஐயோ, அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை. அப்பா தூணைப் பிடித்துக்கொண்டார். இப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். அவர் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தை கூட்டாளியிடம் திரும்பினாள். கண்டிக்கிற மாதிரிதான் கேட்டாள், வேலையை அரைகுறையாகச் செய்துவிட்டு வந்தவரைக் கேட்கிற மாதிரி.

"அப்பிடியே இருந்தாகன்னா, எரிக்கிறதுக்கு முன்ன எழுப்பிப் பாத்தீகளா?"

அந்தக் கூட்டாளி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார். இங்கே என்ன நடந்திருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. செம்பைக் கீழே வைத்துவிட்டு, அத்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எழுப்பிப் பாத்தோம் மதினி" என்றார். "மேல போன நாங்க நாலு பேரும் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டோம். கன்னத்தத் தட்டிப் பாத்தோம். கையத் தேச்சு விட்டோம். பொழுது சாயிற மட்டும் பாத்தோம்."

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். தலையை ஒருமுறை ஆட்டினாள். பிள்ளையை அம்மாவிடம் நீட்டி, பிடிச்சுக்கங்க மதினி என்றாள். அம்மா வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அத்தை அழத் தொடங்கினாள்.